ஒரே செவருதானம்மா

எங்கள் வீட்டுக்குத் தெருக்குத்து. தெருவில் வருகிற கேடு சுவரில் வழுக்கிப் போய்விடும் என்று, கட்டும்போதே மாமனார் முன்னறை மூலையை வட்டமாக வளைத்துவிட்டார்.

அந்த அறையில்தான் வெள்ளிக்கிழமை என் தையல் கடையைத் திறக்கிறேன். திண்டுக்கல்லில் தெரிந்தவர்களை எல்லாம் கூப்பிட்டாயிற்று.

வளைவில் துணி அடுக்க நான்கு மரப்பலகை கேட்டிருந்தேன். வடமதுரை ஆசாரி அட்டையில் சுவரின் வளைவை வரைந்துகொண்டு போனார்.

இன்று பலகைகள் வந்தன. பாலிஷ் போட்டு அத்தனை அழகு. சுவரில் வைத்தால் இரண்டு ஓரமும் முட்டுகிறது, நடுவில் என் கை முழுதாக நுழைகிறது.

"அண்ணே, அளவு எங்க எடுத்தீங்க?"

"அன்னைக்கு உள்ள மிஷினும் மூட்டையுமா கெடந்துச்சுல்ல. அதான் தெருப்பக்கமா எடுத்தேன். ஒரே செவருதானம்மா."

ஒரு பலகையைத் தூக்கிப்போய் வெளிச்சுவரில் வைத்தேன். நடுவில் தாள்கூட நுழையவில்லை.

பின்னாலேயே வந்த ஆசாரிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "பாருங்க, அம்புட்டு கச்சிதமா உக்காருது."

வெட்டிய மரம் இனி வளராது. வெள்ளிக்கிழமைக்குள் வேறு மரத்துக்கு வழியில்லை. துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அழக்கூடத் தோன்றவில்லை.

யாராவது ஒரு வழி சொல்லுங்கள். சுவரை இடி என்று மட்டும் வேண்டாம், அதை என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

கேடு வழுக்கித்தான் போகும் என்றார் மாமனார். போகவில்லை. வடமதுரை பஸ்ஸில் வந்து இறங்கி, காபி குடித்துவிட்டுப் போனது.