புவனா அக்காவும் ரிவர்ஸ் கியரில் முன்னால் போன படகும்

புவனா அக்கா போய்விட்டார் என்ற செய்தி செவ்வாய்க்கிழமை காலை முதலில் அப்பாவுக்குத்தான் வந்தது. அவர் லேத்தை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டதால், நம் சந்தின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போடும் வேலை என் தலையில் விழுந்தது. போட்டேன். பதிலுக்கு நான்கு சிரிப்பு முகங்கள் வந்தன. அதற்கடுத்து, "சுஜி, காலங்காத்தாலயே ஆரம்பிச்சுட்டயா? அக்கா பாத்தா ஒதைக்கும்" என்று ஒருவர். உங்களைக் குறை சொல்லவில்லை. நம் சந்துக்குள் மெட்ரோ ஸ்டேஷன் வருகிறது என்று இதே குழுவில் போட்டு, மூன்று பேரை வீட்டுப் பத்திரம் தேட வைத்தவள் நான். அப்பா தன் போனிலிருந்து ஒரு வரி போட்ட பிறகுதான் அந்தச் சிரிப்பு முகங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. அவை அழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே அது உண்மை என்று உறைத்தது.

நாற்பத்தாறு வயது. நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி ஆட்டோ ஏறியவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டார். நம் கணபதி வட்டாரத்தில் எரிந்துபோன மோட்டார் வைத்திருந்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். கருகிய செம்புக் கம்பியை உருவியெடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவது அவர் தொழில். எங்கள் லேத் பட்டறைக்கும் அவர் கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நான் போடும் சத்தத்துக்கு அந்தச் சுவரில் அவர் தட்டும் தட்டு தனி மொழி. ஒரு தட்டு என்றால் வாயை மூடு. இரண்டு என்றால் டீ வந்துவிட்டது.

போன வருடம் அந்தப் படகு நம் சந்துக்கு வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். ஆனைமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் மாட்டப் போன அக்கா, கொப்பரைக் கொட்டகையில் அதைப் பார்த்திருக்கிறார். தோட்டத்துக்காரரின் அப்பா எந்தக் காலத்திலோ ஆசைப்பட்டு வாங்கியது. அரை நூற்றாண்டு வயது, எஞ்சின் இறுகிக் கிடந்தது, உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எடைக்குப் போடப் போகிறேன் என்று அவர் சொன்னதும், "ஒருக்கா ஓட்டிக் காட்டறேனுங்க, அப்பறம் போடறதுன்னா போடுங்க" என்று அக்கா கேட்டு வாங்கிவிட்டார்.

டெம்போவிலிருந்து இறக்கியதும் சந்தே கூடிவிட்டது. நொய்யல் ஆற்றில் மிதக்கவிடத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். "கார்ப்பரேஷன் குழாயில் வாரத்துக்கு ஒருமுறை ஓட்டலாம்" என்று நான் சொன்னேன். அக்கா யாரையும் கண்டுகொள்ளவில்லை. குனிந்து படகின் அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அதற்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது. அடிவயிற்றில் ஒரு வாய். அது தண்ணீரை உறிஞ்ச, உள்ளே ஒரு பம்பு அதைப் பின்பக்கமாகப் பீய்ச்சியடிக்க, அந்த வேகத்தில் படகு முன்னால் பாயும். அக்கா நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"அட, இது படகே இல்ல சுஜி. நம்மூரு பம்புக்கு ஆரோ ஊடு கட்டியிருக்காங்க."

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க, பம்புக்காரர்களுக்கே உரிய முறையில், படகை ஸ்டாண்டில் ஏற்றி உள்ளே தண்ணீரை நிரப்பினார். எங்கே வெளியே சொட்டுகிறதோ அங்கேதான் உள்ளேயும் வரும் என்பது அவர் கணக்கு. மறுநாள் அவர் வருவதற்கு முன் அதில் இரண்டு ஜிலேபி மீன்களை விட்டேன். அக்கா வந்தார், எட்டிப் பார்த்தார், தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மதியம் என்னைக் கூப்பிட்டு ஒரு தூக்குப்போசியை நீட்டினார். மீன் குழம்பு. "உன்ற பிரண்டுக ரெண்டு பேரும் உள்ள இருக்காங்க. சாப்புடு கண்ணு." போசியை மூடி அப்படியே கீழே வைத்துவிட்டேன். என் மீன்கள் கடைக்குப் பின்னாலிருந்த டிரம்மில் நீந்திக்கொண்டிருந்ததைச் சாயங்காலம்தான் காட்டினார். என்னை ஏமாற்றிய ஒரே ஆள் அவர்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பழைய எஞ்சினுக்கு உதிரிப் பாகம் இந்த உலகத்தில் எங்கும் இல்லை. உடைத்துப் போட்ட ஒரு வேனின் டீசல் எஞ்சினை கியர்பாக்ஸோடு கொண்டுவந்து வைத்தார். எஞ்சினையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கை அப்பா கடைந்து கொடுத்தார். பெயிண்ட் என் வேலை. "பம்பைக் கழுவிப் பாத்துப்போட்டேன், குழந்தையாட்ட இருக்குது, இது ஓடலைன்னா கோளாறு எங்கிட்டத்தான்" என்று அக்கா போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று மாதம் தன் வேலை முடித்த மிச்ச நேரமெல்லாம் அதிலேயே கிடந்தார். ஏனுங்கக்கா இத்தனை பாடு என்று கேட்டதற்கு, "எரிஞ்சது எல்லாத்தையும் ஓட வெச்சிருக்கேன். ஆனா நான் ஓட வெச்ச ஒண்ணுமே இருந்த எடத்த உட்டு நகந்ததில்ல கண்ணு. இது ஒண்ணாச்சும் நகரட்டும்" என்றார்.

தொண்டாமுத்தூரில் தோட்டத்துக்காரரின் மச்சானுக்கு ஒரு தென்னந்தோப்பு. நடுவில் பெரிய பண்ணைக்குட்டை. வெள்ளோட்டம் பார்க்க நாங்கள் போனபோது, கரையில் ஒரு லாரியும் நின்றது. ஓடாவிட்டால் அப்படியே பழைய இரும்புக் கடைக்குப் போக, தோட்டத்துக்காரர் கையோடு கொண்டுவந்திருந்தார்.

எஞ்சின் ஒரே சாவியில் கிளம்பியது. அக்கா கியரைப் போட்டார். படகு நடுங்கியது. பின்னால் தண்ணீர் பீய்ச்சவில்லை. மாறாக, அடியிலிருந்து சேறு குமிழ் குமிழாகக் கிளம்பி மேலே வந்தது. படகு வெட்கப்பட்ட மாப்பிள்ளை மாதிரி பின்னாலேயே போய்க் கரையில் முட்டி நின்றது.

"ஏனுங்க, இது படகுங்களா, சேத்துழவு ஓட்டறதுங்களா?" என்று தேங்காய் பறிக்க வந்தவர் கேட்டார்.

அப்பா உடனே என் பக்கம்தான் திரும்பினார். "என்னடி பண்ணிப்போட்ட?"

எத்தனையோ பண்ணியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் எதுவும் பண்ணவில்லை. தோட்டத்துக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த அம்மணி வெளையாட்டுங்களா இது? அப்படின்னா சொல்லுங்க, பொழச்சுப் போகுது, ஒரு வாரம் தாரேன், சரி பண்ணிட்டுக் கூப்புடுங்க. உங்க வேலையே கோளாறுன்னா, லாரி நிக்குதுங்க. திரும்பத் திரும்ப அலைய என்னால ஆகாதுங்க."

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது என்று தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"நாந்தானுங்க. சும்மா வெளையாட்டுக்கு ஒண்ணைக் கழட்டி உட்டேன்."

எதைக் கழற்றினேன் என்று கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. என் பெயருக்கு அவ்வளவு மதிப்பு. அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"நில்லுங்கண்ணா, அவ இல்ல." அக்கா படகிலிருந்து முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார். தோட்டத்துக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "தப்பு என்றதுங்க. பம்பு ஒரு பக்கம் சுத்தோணும், இந்த எஞ்சின் எதுத்த பக்கம் சுத்துது. மோட்டார்ல சுத்து மாறிப்போனா ரெண்டு வயரை மாத்திக் குடுத்தாச் சரியாயிருங்க. இருபத்தஞ்சு வருசமா அதே கை. சுத்தைக் கடைசில மாத்திக்கலாம்னு எஞ்சினையும் மாட்டிப்போட்டேன். டீசல் எஞ்சின்ல மாத்தறதுக்கு வயர் எங்கீங்க இருக்குது?"

பம்புக்கே பேர்போன ஊரில், சுற்றும் திசையைப் பார்க்காமல் ஒரு பம்பை மாட்டியதாக ஊர்க்காரர்கள் முன்னால் சொல்வது சாதாரணம் இல்லை. அப்பா ஓங்கிய கையைக் கீழே போட்டார்.  தோட்டத்துக்காரர் லாரி டிரைவரைப் பார்த்துத் தலையசைத்தார். டிரைவர் கயிற்றை எடுத்தார்.

என் வாய் சும்மா இருக்குமா? அழுகை வந்தால் எனக்கு நக்கல்தான் வரும். "ஏனுங்கக்கா, எல்லாம் எதுத்தாப்பலன்னா, ரிவர்ஸ் போட்டா முன்னால போகுமாட்ட இருக்குது!"

யாரும் சிரிக்கவில்லை. அக்கா என்னை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். சட்டென்று படகில் ஏறி, ரிவர்ஸ் கியரைத் தட்டினார்.

பின்னால் ஒரு குடத்தைச் சாய்த்தது போலத் தண்ணீர் கொட்டியது. படகு முன்னால் நகர்ந்தது. ரிவர்ஸ் கியரில் எந்த வண்டிக்கும் வேகம் கிடையாது; தோப்பு வாத்து ஒன்று எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு முந்திக்கொண்டு போனது. ஆனால் படகு போனது. எதிர்க்கரை வரை போய், மெதுவாக வளைந்து, திரும்பி வந்தது.

"ரிவர்ஸ்லயே இத்தனை போகுதுன்னா…" என்று தொடங்கிய தோட்டத்துக்காரர் முடிக்கவில்லை. டிரைவரிடம் கயிற்றை உள்ளே போடச் சொன்னார். "ஒரு வாரமுங்க. அவ்வளவுதான்."

திரும்பி வரும்போது டெம்போவின் பின்னால் நானும் அக்காவும் உட்கார்ந்திருந்தோம். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.  வடவள்ளி தாண்டியதும் கோபமாகத்தான் ஆரம்பித்தார்.

"எதுக்கு அப்படிச் சொன்ன?"

"படகைக் காப்பாத்தத்தானுங்கக்கா."

"நீ பண்ணுனேன்னு சொல்லிப்போட்டா எல்லாரும் உன்னையத் திட்டிட்டு இருப்பாங்க. பம்பை ஆரு பாக்கறது?"

சந்து வந்து சேர்ந்ததும், யாரும் கூப்பிடாமலே டார்ச்சை எடுத்துக்கொண்டு பம்பைப் பார்க்கப் போனேன். என் வரலாற்றிலேயே முதல் முறை.

அந்த வாரம் எஞ்சினுக்கும் பம்புக்கும் நடுவே இரண்டு பல்சக்கரம் வைத்து அக்காவும் அப்பாவும் சுழற்சியைத் திருப்பினார்கள். அடுத்த ஞாயிறு படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது. கரையில் நின்ற தோட்டத்துக்காரரின் வெள்ளை வேட்டி ஒரே வீச்சில் நனைந்தது. இதை நான் திட்டமிடவில்லை என்றாலும் பெருமைப்பட்டேன். அக்கா இரண்டே சுற்று ஓட்டினார். இறங்கி வந்தார். "நகந்துருச்சு பாத்தயா" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கும் வந்து நின்ற லாரி காலியாகத் திரும்பியது. அந்தப் படகு இன்றும் அந்தக் குட்டையில்தான் கிடக்கிறது.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியது என்ன என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன். போன மாதம் பாலிடெக்னிக் லேபில் நானும் என் தோழியும் ஒரு பம்பை இணைத்தோம். ஓடவிட்டதும் புகை கிளம்பியது. கடைசியாக சுவிட்சைத் தொட்டவள் அவள் என்பதால், சார் அவளைப் பிடித்துக்கொண்டார். அவள் அழத் தொடங்கினாள். அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. வகுப்பே அவளைச் சுற்றி நின்றது. வயர் கொடுத்தது நான். கையைத் தூக்கினேன்.

"அவ இல்லைங்க சார். கனெக்ஷன் குடுத்தது நானுங்க. தப்பு என்றதுங்க."

நம்பச் சற்று நேரம் பிடித்தது. விளையாடுகிறேன் என்றுதான் நினைத்தார்கள். திரும்பவும் சொன்னேன். சார் வாயை மூடினார். அப்புறம் எல்லோரும் பம்பைப் பார்த்தார்கள்.