அக்காவுக்கு வழி விடுங்க

நாங்கள் ஆடியது அந்த வட்டாரத்துப் பெண்கள் கால்பந்து லீக்கின் கடைசிப் பிரிவில். அதற்குக் கீழே பிரிவு கிடையாது. இருந்திருந்தால் அங்கேதான் இருந்திருப்போம்.

அயர்லாந்தில் கடலோரத்துச் சின்ன ஊர் அது. முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு முப்பத்தாறு வயது. அதுவரை நான் உதைத்த ஒரே பந்து, சின்ன வயதில் அண்ணன் என் முதுகில் எறிந்த ரப்பர் பந்து. அதையும் விளையாட்டாக உதைக்கவில்லை, கோபத்தில் உதைத்தேன். அது பக்கத்து வீட்டுக் கிணற்றில் விழுந்தது.

என்னை அணியில் சேர்த்தவள் எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவரும் பெண். அவள்தான் கேப்டன். ஒரு சனிக்கிழமை பார்சலைக் கையில் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"நாளைக்குக் காலையில என்ன பண்றே?"

"தூங்குவேன்."

"ஒரு ஆள் குறையுது. வர்றியா?"

"எனக்கு ஆடத் தெரியாதே."

"ஓடத் தெரியுமா?"

ஓடத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஏனோ ஊர்ப் பெருமை வந்துவிட்டது. எங்கள் திருவண்ணாமலையில் ஒரு மலை இருக்கிறது, பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெறுங்காலோடு போவோம், எனக்குப் பழக்கம்தான் என்றேன். அவள் கண்கள் விரிந்தன.

"மலை ஏறுவியா?"

"ஏற மாட்டோம். சுத்தி வருவோம்."

தபால் பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள். "பரவாயில்ல. ஒன்பது மணிக்கு வந்துடு" என்றாள்.

மறுநாள் மழை. வலது ஓரத்தில் என்னை நிறுத்தி, "பந்து வந்தா தூரமா உதை, வேற எதுவும் யோசிக்காதே" என்றாள். நான் யோசித்தேன். பந்து வந்தபோதெல்லாம் எந்தக் காலால் உதைப்பது என்று தீர்மானிப்பதற்குள் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவேன். அதற்குள் எதிரணிப் பெண் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். யாரையாவது இடித்துவிட்டால் நின்று "சாரி" சொன்னேன். யாராவது என்னை இடித்தாலும் நான்தான் "சாரி" சொன்னேன். எதிரணி கோல் போட்டபோது, பக்கத்தில் நின்ற தோஷத்துக்கு, "வெரி குட்" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். எத்தனை கோல் வாங்கினோம் என்பதை நடுவர் மட்டும்தான் கடைசிவரை எண்ணினார்.

ஆட்டம் முடிந்து ஈரத்தோடு டீ குடிக்க உட்கார்ந்தபோது எல்லோரும் என் மேல் பாய்ந்தார்கள். "அந்த உயரமானவளை ஏன் விட்டே?" "ஓரத்தை விட்டு ஏன் உள்ளே வந்தே?" "இனிமே சாரின்னு சொன்னா வெளியே உட்கார வெச்சுடுவேன்" என்றாள் கேப்டன். வீடு திரும்பும் வழியில் நான் ஏன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. அந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷமாக எல்லோரும் என்னிடம் அன்பாக, இனிமையாக, தூரமாகவே பேசியிருந்தார்கள். அன்றைக்குத்தான் முதல் முறையாகத் திட்டு வாங்கியிருந்தேன்.

அப்படித்தான் மூன்று சீசன் ஆடினேன். ஆடினேன் என்பது பெரிய வார்த்தை. இருந்தேன்.

அந்த மூன்று சீசனில் ஒரு கோல் போட்டேன். கார்னரில் இருந்து வந்த பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழன்றுபோன கிளிப்பைத் தலையில் மாட்டிக்கொண்டிருந்தேன். பின்னந்தலையில் ஏதோ பொத்தென்று விழுந்தது. திரும்பிப் பார்த்தால் எல்லோரும் என்னைக் கட்டிப் பிடிக்க ஓடி வருகிறார்கள். என் வீட்டுக்காரர் குடைக்குள் நின்று அதை வீடியோ எடுத்து, எங்கள் ஊரில் செங்கம் ரோட்டில் டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் என் அண்ணனுக்கு அனுப்பிவிட்டார். தூரத்தில் இருந்து எடுத்தது, மழை வேறு. அதனால் பார்ப்பதற்கு வேண்டுமென்றே தலையால் அடித்த மாதிரி இருக்கும்.

அண்ணன் பொய் சொல்கிறவன் இல்லை. "தங்கச்சி அயர்லாந்துல ஆடுது" என்றுதான் கடையில் சொல்லியிருக்கிறான். அது கடையிலிருந்து பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் "அயர்லாந்துக்கு ஆடுது" என்று ஆகிவிட்டது. ஒரே ஒரு உருபு மாறியதில் நான் தேசிய அணிக்குப் போய்விட்டேன்.

போன வருஷம் லீவில் ஊருக்கு வந்தபோதுதான் எனக்கு இது தெரிய வந்தது. கடையில் செயின் ஸ்ப்ராக்கெட் வாங்க வந்த ஒருத்தர் என்னைப் பார்த்து எழுந்து நின்றார். "வேர்ல்டு கப்புக்கு எப்பங்க போறீங்க?" என்றார். நான் மறுக்க வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுங்க" என்றான்.

"ஏண்ணா இப்படிப் பண்றே?"

"நான் எங்க சொன்னேன்? அவங்களா பேசிக்கிறாங்க. இன்னா இப்ப, ஞாயித்துக்கிழமை நம்ம பசங்க ஆடுறாங்க, நீயும் வரேன்னு சொல்லிட்டேன்."

ரமணாசிரமத்தைத் தாண்டி, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு பொட்டல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோ ஓட்டுகிறவர்களும் கஃபேயில் வேலை செய்கிறவர்களும் ஒரு பக்கம், அங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் மறுபக்கம் என்று ஆடுவார்களாம். அதுவும் ஒரு லீக்தான். அயர்லாந்தில் நான் எப்படியோ, இங்கே அப்படி வீட்டை விட்டுவந்து வாரக் கடைசியில் பந்து தேடுகிறவர்கள் அவர்கள். நான் உள்ளூர்.

டிராக் பேண்ட்டும் முட்டிவரை டாப்ஸுமாகப் போய் இறங்கினேன். உள்ளூர் அணிக்குத் தலைவர் மாதிரி இருந்த ஆட்டோக்காரர், இருபத்தைந்து வயது இருக்கும், ஓடி வந்து கும்பிட்டார்.

"அக்கா, நீங்க எங்க ஆடுறீங்களோ ஆடுங்கக்கா. நாங்க அதுக்கு ஏத்த மாதிரி நின்னுக்குறோம்."

"நான் ஓரமா நிக்கறேன் தம்பி."

"உங்களைப் போய் ஓரமாவா! நீங்க முன்னாடி நில்லுங்கக்கா."

ஆள் சமமாக வர வேண்டும் என்று இரண்டு உள்ளூர்ப் பையன்களை எதிர்ப் பக்கம் அனுப்பியிருந்தார்கள். ஆட்டம் தொடங்கியதும் பந்து நேராக என் காலுக்கு வந்தது. எதிரில் அந்த இரண்டு பேரும் நின்றார்கள். பறிக்க வரப்போகிறார்கள் என்று பயந்து நின்றேன். ஒருவன் மற்றவனை இழுத்தான். "அக்கா வராங்க, வழி விட்றா." இருவரும் கல்யாண வாசலில் நிற்கிற மாதிரி ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினார்கள். இதைப் பார்த்த வெளிநாட்டுக்காரர்கள் இதுவும் ஏதோ கோயில் வழக்கம் என்று நினைத்தார்களோ என்னவோ, அவர்களும் ஒதுங்கினார்கள். கோல்கீப்பர் கூட ஒரு அடி நகர்ந்து நின்றார். எனக்கும் கோலுக்கு அடையாளமாக வைத்திருந்த இரண்டு செங்கல்லுக்கும் நடுவே யாருமே இல்லை.

வெளியே அடித்தேன்.

"செமக்கா! காத்து ஜாஸ்தி, அதான்" என்றார் ஆட்டோக்காரர். ஒரு இலைகூட அசையவில்லை. மறுபடி பந்து, மறுபடி வழி, மறுபடி வெளியே. மூன்றாவது தடவை காலே பந்தில் படவில்லை. அதற்கும் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. கடலோரத்து மழையில் தோற்றபோதெல்லாம் இவ்வளவு அவமானமாக இருந்ததில்லை.

நான்காவது தடவை பந்தோடு போனபோது பக்கவாட்டில் ஏதோ சரிந்து வந்தது. பந்து போனது, கால் போனது, நான் செம்மண்ணில் குப்புற விழுந்தேன். மைதானமே உறைந்து நின்றது. என்னைக் கவிழ்த்தவர் வெளிநாட்டுப் பெண்மணி, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒட்ட வெட்டிய நரைமுடி, எலும்பும் தோலுமான உடம்பு.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று பதறி ஓடி வந்தார் ஆட்டோக்காரர். "அந்தம்மா மௌன விரதம். மூணு மாசமா யார்கிட்டயும் பேசல. நீங்க யாருன்னு கேட்டிருக்க மாட்டாங்க."

அந்தம்மா எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, எனக்குக் கை நீட்டினார். முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. பந்தைத் தன் காலடியில் வைத்திருந்தார். நான் கையைப் பிடித்து எழுந்தேன். முட்டியில் இருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அன்று காலை அந்தப் பொட்டலில் என்னை ஆட்டக்காரியாக நினைத்தவர் அவர் ஒருவர்தான்.

வீட்டில் அம்மா டெட்டால் போட்டுக்கொண்டே, "ஆஸ்பத்திரில ஊசி போடத்தான உன்னை அனுப்பினோம்?" என்றாள்.

அடுத்த ஞாயிறும் போனேன். இந்த முறை ஆட்டம் தொடங்கும் முன்பே ஆட்டோக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். கடைசிப் பிரிவு, ஒரே கோல், அதுவும் பின்னந்தலை, எல்லாவற்றையும். அவர் முகம் வாடியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அப்ப அயர்லாந்து டீம்னு சொன்னது?"

"ஊர்ல சொன்னது தம்பி. என்னை எதிர்ப் பக்கம் போடுங்க. என் காலுக்குப் பந்து வந்தா பிடுங்குங்க. அக்கான்னு பார்க்காதீங்க."

"உங்க அண்ணன் எதனா சொல்வாருக்கா."

"அவன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

பிடுங்கினார்கள். மனசார, ஒரு வாரத்துக் கணக்கைத் தீர்க்கிற மாதிரி பிடுங்கினார்கள். அன்று காலை முழுக்கப் பந்து என் காலில் நின்ற நேரம், ஒரு தும்மல் போடும் நேரம்கூட இருக்காது. இரண்டு முறை விழுந்தேன். ஓரத்தில் பைக்கில் சாய்ந்திருந்த அண்ணன், "டேய், அது என் தங்கச்சிடா!" என்று கத்தினான். "நீ சும்மா இருண்ணா!" என்று நான் அதைவிடச் சத்தமாகக் கத்தினேன். மௌன விரதத்து அம்மாள் எனக்குப் பின்னால் நின்று சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ரோட்டோரத்து டிபன் கடைக்குப் போனோம். அண்ணனும் ஆட்டோக்காரரும் நான் இரண்டாவது தடவை விழுந்தது ஃபவுலா இல்லையா என்று பெஞ்சில் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போட்டார்கள். தள்ளிவிட்டதாக அண்ணன் சத்தியம் செய்தான். தொடவே இல்லை, அக்காவாகத்தான் தடுக்கி விழுந்தாங்க என்றார் அவர். அவர் சொன்னதுதான் சரி. நான் அதைச் சொல்லவில்லை. பூரி சூடாக இருந்தது, இன்னொரு செட் கொண்டு வரச் சொன்னேன்.