வெளியே அடிக்கத் தெரியாத டிபென்ஸ்

வெயிலில் காய்ந்த ரப்பர் மணம்... காற்றுப் போன பந்துக்குப் பம்ப் அடிக்கும்போது வருமே, அது. இப்போதும் சைக்கிள் கடையைக் கடக்கும்போது அந்த மணம் வந்தால் என் வலது கால் தானாக இறுகும்.

ரஜிதா இப்போது கனடாவில். அந்த நாளில் எங்கள் பள்ளிக்கூட உதைபந்தாட்ட ரீமில் இடது பக்கம் நின்று மறித்தவள். வட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தாள்.

"சீசன் தொடங்கப் போகுதாம். இந்த முறை எங்கட பிள்ளையளின்ர டிபென்ஸ் எப்பிடியடி? ஒருக்காப் போய்ப் பாத்துச் சொல்லு."

இன்று பின்னேரம் மகளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனேன். வந்ததிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அவள் நித்திரை. நான் குசினிக்கும் அறைக்குமாக நடந்துவிட்டு, குழுவில் எழுதினால் நீளும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த நாள் டிபென்ஸ்...

யுத்தம் முடிந்து, முகாமிலிருந்து முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்த புதிது. பள்ளிக்கூடத்துக்கு மைதானம் இருந்தது. ஆனால் கோடு வரைக்கும்தான் மைதானம். அதற்கு அப்பால் பற்றைக்குள் சிவப்புப் பலகைகள், மண்டையோட்டுப் படம், 'மிதிவெடி' என்ற எழுத்து.

பந்து அங்கே போனால் போனதுதான்.

எங்கள் முதல் பந்து அப்படித்தான் போனது. எடுக்க ஆளில்லாமல், பூசணிக்காய் மாதிரிக் கிடந்து வெளுத்தது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே விளையாடினோம்.

அதனால் எங்கள் டிபென்ஸ் பந்தை வெளியே அடிக்காது. நெஞ்சில் வாங்கும், காலடியில் நிறுத்தும், பக்கத்தில் நிற்பவளுக்குக் கொடுக்கும். யாரும் சொல்லித் தரவில்லை. கால் தானாகப் பழகிக்கொண்டது.

சீசனுக்கு முன் சுகந்தி ரீச்சர் எங்கள் செருப்புகளை மண்ணில் வரிசையாக வைத்து ரீமை விளங்கப்படுத்தினார். இடது பக்கம் ரஜிதாவின் செருப்பு. வலது பக்கம் பர்சானாவுடையது. புத்தளத்திலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்பியவள். நடுவில், அறுந்த வாருக்கு ஊசி குத்திய என் செருப்பு.

"முன்னுக்கு எங்களுக்கு ஆக்கள் காணாது. கோல் அடிக்கிறது கஷ்டம்தான். ஆனா பின்னுக்கு இந்த மூண்டும் பந்தைத் துலைக்காத பிள்ளையள். வலயப் போட்டியில இதுதான் எங்களைக் காப்பாத்தும்."

அந்தப் பெருமை கிளிநொச்சியில் நடந்த பயிற்சி ஆட்டம் வரைக்கும்தான்.

என் காலில் பந்து, எதிரே இரண்டு பேர் ஓடி வருகிறார்கள். வேறு எவளும் வெளியே ஓங்கி அடித்திருப்பாள். நான் திருப்பினேன், இழுத்தேன், மறுபடி திருப்பினேன்...

"அக்கா, பந்தை வீட்டை கொண்டு போகப் போறியளோ?" என்று கேட்டபடியே ஒருத்தி தட்டிப் பறித்துக் கோல் அடித்தாள். பிறகு அதே மாதிரி இன்னொன்று.

இடைவேளையில் ரீச்சர் கேட்டார். "ஏன் பிள்ளை வெளியில அடிக்கேல்ல?"

"வெளியில போனா ஆர் ரீச்சர் போய் எடுக்கிறது?"

மற்ற ரீம் பிள்ளைகள் சிரித்தார்கள். ரீச்சர் சிரிக்கவில்லை. தண்ணீர்ப் போத்தலை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

"போட்டிக்கு முதல் பழகவேணும். இல்லாட்டி நடுவில வேற ஆளைத்தான் விடுவன்."

என்னிடம் அப்போது என்னுடையது என்று சொல்ல அந்த நடு இடம் மட்டும்தான் இருந்தது.

பர்சானாவின் வாப்பாவின் வயலுக்குக் கூட்டிப் போனார் ரீச்சர். அறுவடை முடிந்த நிலம். "நானும் மாடும் நடந்து திரியிற இடம் மகள். பயப்பிடாம அடியுங்கோ" என்றார் வாப்பா. பர்சானா அடித்தாள். ரஜிதா அடித்தாள். என் கால் பந்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது.

"பந்துக்கு நோகுமெண்டு பாக்கிறியோ?" என்றாள் ரஜிதா.

அடித்தேன். வரம்புக்கு அப்பால் போய் விழுந்தது.

"நீயே போய் எடுத்துக்கொண்டு வா" என்றார் ரீச்சர்.

வாப்பா எனக்கு முன்னால் நடந்தார். அவர் கால் வைத்த இடத்திலேயே என் காலை வைத்து நடந்தேன். அடுத்த தடவை அவர் வரவில்லை. நான் போனேன்.

வலயப் போட்டியில் வெளியே அடித்தேன். பந்து வேலியைத் தாண்டி றோட்டுக்குப் போனது. எல்லோரும் த்ரோவுக்குத் தயாராக நிற்க, நான் மட்டும் வேலியைப் பார்த்துக்கொண்டு...

"இங்க பாரடி விசரி. பந்தெடுக்க அங்க ஆள் இருக்கு" என்று கத்தினாள் ரஜிதா.

நாங்கள் கோல் அடிக்கவில்லை. வாங்கவுமில்லை. என் இடம் என்னிடமே இருந்தது.

இனி, ரஜிதா, நீ கேட்ட இந்த முறை டிபென்ஸ்.

நல்ல உயரமான பிள்ளைகள். காலில் பூட்ஸ். நடுவில் நிற்பவளுக்குக் கொஞ்சம் நிதானம் காணாது, ஆனால் கால் பலம். நெருக்கம் வந்தால் ஒரு யோசனையும் இல்லாமல் வெளியே அடிக்கிறாள். அந்தப் பற்றைப் பக்கம்தான். பலகைகளைக் கழற்றி, நிலத்தைச் சுத்தமாக்கிக் கொடுத்துக் கனகாலமாகிவிட்டது. எனக்கும் தெரியும்.

அப்படி ஒரு பந்து எங்களைத் தாண்டிப் போனது. என் கையை உதறிவிட்டு மகள் அதன் பின்னால் ஓடினாள். அவள் கால் படும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவள் பற்றைக்குள் குனிந்தாள். சட்டையெல்லாம் நாயுருவி ஒட்ட, பந்தைக் கட்டிப் பிடித்தபடி வந்து அந்த அக்காவிடம் கொடுத்தாள்.

"தாங்ஸ் குட்டி" என்றாள் அவள். எங்கள் மூவரில் ஒருத்திக்கும் அந்தப் பற்றையிலிருந்து ஒரு பந்து திரும்பி வந்ததில்லை.

டிபென்ஸ் நல்லா இருக்கு, ரஜிதா. பயப்பிடாத.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் மகளின் கால்களைக் கழுவினேன். துடைத்துவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றினேன்.

"அம்மா, கழுவினதுதானே."

"ஓமம்மா... தெரியும். மற்றக் காலைத் தாங்கோ."