பின்பக்கம் ஒரு கண்ணாடிச் சமையலறை

சாந்தோமில் எங்கள் சந்து வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்பவை. இரண்டு பக்கமும் பொதுச்சுவர், ஜன்னல் வைக்க வழியே கிடையாது. வாசலில் நுழைந்தால் கூடம், அப்புறம் ஓர் அறை, கடைசியில் என் சமையலறை. கல்யாணமாகி வந்த நாள் முதல் நடுப்பகலிலும் டியூப்லைட் போட்டுத்தான் அரிசியில் கல் பொறுக்கினேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: பகல் வெளிச்சத்தில் சமைக்க வேண்டும்.

பின்சுவரை இடித்து, கண்ணாடிச் சுவரும் கண்ணாடிக் கூரையுமாகச் சமையலறையை நீட்டலாம் என்றார் என்ஜினீயர். நடுச்சுவர்களையும் திறந்துவிட்டால் வெளிச்சம் கூடம் வரை வருமாம். வெயில் வறுத்துவிடும், தேங்காய் விழும், பின்சந்து மாடி வீட்டுக்கு நம் குழம்பின் நிறம் வரை தெரியும் என்று என் கணவர் அடுக்கினார். முதல் இரண்டுக்கும் ஏற்ற கண்ணாடி உண்டாம். மூன்றாவதற்குத் திரை போட்டுக்கொள்ளச் சொன்னார் என்ஜினீயர். திரை போடுவதற்கு எதற்குக் கண்ணாடி என்று கேட்டேன். அவர் அளவெடுத்த டேப்பைச் சுருட்டிக்கொண்டார்.

என் கணவர் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து "காபி" என்றால் அந்தக் குரல் அறையைத் தாண்டிச் சமையலறைக்கு வரும், சற்று நேரத்தில் காபி அங்கே போகும். நடுவில் என்ன நடக்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை.

வேலை முடிந்த மறுநாள் காலை வழக்கம்போல வாயைத் திறந்தார். நேர் எதிரே நான். ஒரு கையில் மீன், மறுகையில் கத்தி, அடுப்பில் பால் பொங்குகிறது. திறந்த வாய் மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் பேப்பருக்கு மேலாகவே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"டெய்லி இவ்ளோ நேரம் நின்னுக்கினேவா இருக்கே?"

நான் உருகிவிட்டதாக நினைக்க வேண்டாம். பற்றிக்கொண்டுதான் வந்தது. இதை இவர் தெரிந்துகொள்ள வீட்டையே இடிக்க வேண்டியிருந்ததே! வெங்காயத் தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

உரித்தார். அடுத்தடுத்த நாளும் உரித்தார். தோலோடு பாதி வெங்காயமும் குப்பைக்குப் போனது.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது மாடி வீட்டு அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உடம்புக்கு இன்னா ஆச்சு உனக்கு? சார் வெங்காயம் உரிச்சிக்கினு கீறாரு?" சாரோடு பேசிக்கொண்டிருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலமே பாண்டி பஜாரிலிருந்து தடித்த காப்பிக்கொட்டை நிறத் திரை வந்தது. அவர் ஸ்டூல் போட்டு ஏறினார். எனக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

"மாட்டிடுங்க. நான் டியூப்லைட் போட்டுக்கறேன்" என்று சுவிட்சைத் தட்டினேன்.

அவர் திரும்பி டியூப்லைட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாடியில் துணி எடுக்க வந்த அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரையை ஸ்டூலின் மேல் போட்டுவிட்டு இறங்கி, பின்கதவைத் திறந்து வெளியே போய் நின்று அண்ணாந்தார்.

"அவளுக்கு உடம்பு நல்லாத்தான் கீது," என்றார், சந்துக்கே கேட்கும்படி. "வெங்காயம் நான்தான் உரிக்கிறேன். நாளைக்கும் உரிப்பேன்."