மிதித்தது மாமா, நடக்க வைத்தவள் அம்மன்

மாமா, என் காலைக் கெடுத்தது நீங்கள். நம் அம்மன் வழிபாட்டு மன்றத்துத் தலைவர் என்பதால் இதுவரை யாரும் உங்கள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. நான் சொல்கிறேன். அம்மன் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் வந்தேன். அதைச் சொன்னால் நீங்கள் செய்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மன்றத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் குறிஞ்சிப்பாடிக்காரி. முந்திரிக் கம்பெனியில் பருப்புக்குத் தோல் உரிக்கிற வேலை. காலையில் தரையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். போன தை மாதம் இடுப்பில் ஒரு பிடிப்பு வந்தது. அது இடது பிட்டத்தில் இறங்கி, தொடைக்குப் பின்னால் ஓடி, கெண்டைக்கால் வழியே சுண்டுவிரல் வரைக்கும் காய்ச்சின கம்பியாக இழுத்தது. தும்மினால் உயிர் போய் வரும். உட்கார முடியவில்லை. வேலை நின்றது. ஆடிக்குத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டியிருந்தேன். இந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படி எடுப்பேன் என்று அழுதேன்.

அப்போதுதான் நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். "ஆஸ்பத்திரிக்குப் போனா முதுகக் கிழிச்சுப் படுக்க வச்சிடுவானுங்க. நான் காலால பொறந்தவன். என் கால் பட்டா எந்தப் பிடிப்பும் வுட்டுடும்" என்றீர்கள். பிறக்கும்போது கால் முதலில் வந்தவர்கள் காலால் நீவிவிட்டால் பிடிப்பு போகும் என்று நம் பக்கத்தில் எல்லோரும் நம்புகிறோம். நானும் நம்பினேன். லேசாக நீவுவீர்கள் என்று குப்புறப் படுத்தேன். நீங்கள் ஏறி மிதித்தீர்கள்.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. பாதம் மரத்துப் போனது. அதைச் சொன்னதற்கு, "ஒனக்கு நம்பிக்க பத்தல" என்றீர்கள். மிதித்ததைவிட அந்தப் பேச்சு வலித்தது. எனக்கா நம்பிக்கை இல்லை?

மறுநாள் என் வீட்டுக்காரர் என்னைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனேன்.

"உக்காரும்மா, சீட்டு காலியாத்தான கெடக்குது" என்றார் கண்டக்டர்.

"உக்கார முடிஞ்சா நான் எதுக்குங்க பஸ் ஏறப் போறேன்?"

சேத்தியாத்தோப்புப் பாலத்தில் பஸ் ஏறும்போது கண்ணை மூடிக் கேட்டேன். தாயே, என் முதுகில் கத்தி படாமல் அனுப்பு. நான் உன்னைச் சுற்றி அங்கப்பிரதட்சணம் பண்ணுகிறேன். அவ்வளவுதான் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா என்னைப் படுக்க வைத்துக் காலை நீட்டியபடியே தூக்கிப் பார்த்தார். குதிகாலால் நடக்கச் சொன்னார். மூத்திரம் சரியாகப் போகிறதா என்று கேட்டார். மிதித்த கதையைச் சொன்னேன்.

"காலால பொறந்தப்ப அவரோட அம்மா கஷ்டப்பட்டாங்க. சரி. நீங்க எதுக்கும்மா படணும்?" என்றார். வலியோடு சிரித்துவிட்டேன்.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற ஜவ்வு பிதுங்கி, காலுக்கு இறங்கும் நரம்பை அழுத்துகிறது என்றார். "ஆப்பரேசன்" என்று நான் வாயெடுத்ததும் கையை ஆட்டினார். "யாரு சொன்னா? நெறைய பேருக்குக் கத்தி வைக்காமலே சில வாரத்துல கொறஞ்சிடும். ஆனா பாதம் தூக்க முடியாமத் தொங்குனாலோ, மூத்திரம் அடைச்சாலோ, தொடை இடுக்குல மரத்தாலோ ஒடனே ஓடி வரணும். அப்பத் தள்ளிப் போடக் கூடாது. இப்பப் படுத்தே கெடக்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமா நடங்க."

அங்கப்பிரதட்சணத்தைச் சொன்னேன். "உருள வேணாம்மா. நடந்து சுத்துனா ஒங்க சாமி ஏத்துக்க மாட்டாங்களா?" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. அம்மன் என்னைப் பார்த்து நட என்றாள்.

நடந்தேன். முதலில் கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மனை ஒரே சுற்று. வலித்தால் நிற்பேன், மறுபடி நடப்பேன். மாத்திரை சாப்பிட்டேன். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்க ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தார்கள், அதையும் விடாமல் செய்தேன். வலி முதலில் கெண்டைக்காலை விட்டது, பிறகு தொடையை விட்டது. இப்போது கம்பெனியில் ஸ்டூல் போட்டு உட்காருகிறேன். தட்டு நிறைந்தால் நானே எழுந்து கொண்டுபோய்க் கொட்டுகிறேன். "மகாராணி வராங்க, வழி வுடுங்கடி" என்கிறார்கள் கூட வேலை செய்கிறவர்கள். சொல்லட்டும். மகாராணி நடக்கிறாள்.

ஆடியில் தீச்சட்டி எடுத்தேன். நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். உங்களில் யாருக்காவது இந்த வலி இருந்தால் அம்மனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். அவள் பதில் யார் வாயால் வரும் என்று நாம் சட்டம் போட முடியாது.

ஆனால் அன்றைக்கு நீங்கள் மைக்கைப் பிடித்தீர்களே மாமா. "நான் மிதிச்ச மிதிதான் இவள எழுப்புச்சு" என்றீர்களே. அதைக் கேட்டு, எங்கள் தெரு செல்வி உங்களிடம் மிதி வாங்கக் காத்திருக்கிறாள். அவளுக்குப் பாதம் தொங்குகிறது. செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியாமல் நடக்கிறாள். டாக்டரம்மா உடனே ஓடி வரச் சொன்னது இதற்குத்தான். நான் எவ்வளவு சொன்னாலும், "தலைவரு சொன்னா போறேங்க்கா" என்கிறாள்.

இனியும் தள்ளிப் போட முடியாது என்றுதான் அவளை இன்றைக்கே இங்கே அழைத்து வந்திருக்கிறேன். அதே மைக்கைப் பிடியுங்கள். என் கால் உங்கள் மிதியால் சரியானதா, இல்லையா? செல்வி உங்களிடம் வர வேண்டுமா, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா? அம்மன் முன்னால், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி பதில் சொல்லுங்கள்.