கசப்பை எடுக்காதே, மல்லிகா

போன வியாழக்கிழமை காலையில் ஆபீசுக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மறுமுனையில் ஒரு பெண் யோசித்து யோசித்து ஆங்கிலம் பேசினாள். ஓகினாவாவிலிருந்து பேசுவதாகவும், தான் யோஷிகோவின் அண்ணன் மகள் என்றும் சொன்னாள். அத்தை ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டார், அவருடைய நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் எண் இருந்தது என்றாள். நான் "சரிங்க, சரிங்க" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அன்று ஆபீஸ் இருக்கும் வேங்கிக்கால் நிறுத்தத்தில் இறங்க மறந்து, வெகுதூரம் போய், வெயிலில் திரும்பி நடந்து வந்தேன். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதைக்கூட எழுந்து எழுந்து நடந்துதான் எழுதுகிறேன்.

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டுக்காரர்களுக்கு யோஷிகோவைத் தெரியாமல் இருக்காது. வெள்ளைத் தொப்பி, பின்னால் பிளாஸ்டிக் கூடை கட்டிய சைக்கிள். 1989-இல் ஆசிரமத்துக்கு என்று வந்தவர், பன்னிரண்டு ஆண்டுகள் இங்கேயே இருந்துவிட்டார். எங்கள் காம்பவுண்டில் அவர் அடுப்படிக்கும் என் அடுப்படிக்கும் ஒரே சுவர். நான் கலெக்டர் ஆபீசில் தட்டச்சர். என்னைவிட இருபது வயது மூத்தவர் என்பதால் நான் அவரை யோஷியம்மா என்பேன். ஊருக்கு அவர் ஜப்பான்காரம்மா. அந்தப் பெயரைக் கேட்டால் மட்டும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருமுறை ஆட்டோக்காரர் ஒருவர், "ஓகினாவாவும் ஜப்பான்லதானேம்மா கீது?" என்று கேட்டுவிட்டார். "டில்லில உன்ன மதராசினு கூப்ட்டா சும்மா இருப்பியா?" என்று திருப்பிக் கேட்டார் யோஷியம்மா. காய்கறிக்காரர்களிடம் கற்ற தமிழ் அது.

அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் உண்டு. சிறுவயதில் பள்ளிக்கூடத்தில் தீவின் மொழியைப் பேசினால் கழுத்தில் ஒரு மரப்பலகையைத் தொங்கவிடுவார்களாம். இன்னொரு பிள்ளை தவறிப் பேசி மாட்டும்வரை அதைக் கழற்ற முடியாது. யோஷியம்மா அதற்குப் பயந்து வீட்டிலும் அந்த மொழியை விட்டுவிட்டார். அம்மா தீவு மொழியில் கேட்பாள், இவர் ஜப்பானிய மொழியில் பதில் சொல்வார். விட்டதை எல்லாம் அறுபது வயதில் திருவண்ணாமலையில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக நினைவுபடுத்தி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். உட்கார்ந்து என்று சொன்னது தப்பு. இரண்டு சொல் எழுதுவார், எழுந்துவிடுவார், சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வருவார். "நில்லுங்களேன் ஒரு நிமிஷம்" என்றால், "நின்னா மறந்துபோவுது" என்பார்.

சமையலிலும் அதே அவசரம்தான். அவர்கள் ஊரில் சோயா பாலைத் திரித்துப் பன்னீர் மாதிரி ஒன்று செய்வார்கள். அதைக் கடல் தண்ணீர் விட்டுத் திரிப்பதுதான் தீவின் பழைய வழக்கமாம். எலுமிச்சம்பழம் பிழியுங்களேன் என்றேன். ஜென்மத்துக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்து லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்குப் போனார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். திரும்பும்போது கண்டக்டர் கேனைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மண்ணெண்ணெயா? ஏத்தக் கூடாது" என்றார். "கடல்" என்றார் யோஷியம்மா. "இன்னாது?" என்றவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "வாணாம் தாயீ, நீயே வச்சிக்க" என்று மூடிக் கொடுத்துவிட்டார். செஞ்சி வரைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சாப்பாடு உயிருக்கு மருந்து. மருந்த மாத்திக் குடுப்பியா?" என்று என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

இனி, நான் சொல்லியே ஆகவேண்டியது. 1998-இல் அவர் அம்மா இறந்த முப்பத்து மூன்றாம் ஆண்டு வந்தது. அவர்கள் வழக்கத்தில் அதுதான் கடைசிப் படையல். அதற்குப் பிறகு இறந்தவர் தெய்வமாகிவிடுகிறார், பெயர் சொல்லித் தனியாகப் படைக்கும் வழக்கம் இல்லை. கடைசி என்பதால் அழக்கூடாது, கல்யாணம் போலச் செய்யவேண்டும். "அங்க அண்ணன் செய்வான். பொண்ணுக்கு அந்த உரிமை கெடயாது" என்றார். "ஆனா அம்மா சாமியாவறதுக்கு முந்தி என் கையால ஒரு வேள சாப்பிடணும், மல்லிகா. இதுவரைக்கும் நான் ஒருவாட்டிகூட குடுத்ததில்ல." அம்மாவுக்குப் பிடித்தது பாகற்காய். சோயாப் பன்னீரும் முட்டையும் போட்டுப் பிரட்டுவது. பன்றிக்கறியும் சேர்க்கவேண்டுமாம். முட்டைக்கே முகம் சுளிக்கும் காம்பவுண்டின் சொந்தக்காரரை நினைத்து, அதை மட்டும் விட்டுவிட்டார்.

"பன்னீர நான் பாத்துக்கறேன், பாகற்காய நீ பாரு" என்று என்னை நம்பிக் கொடுத்தார். நான் சமையலில் கொஞ்சம் கர்வி. எங்கள் வீட்டில் பாகற்காய் நறுக்கினால் உப்புப் போட்டுப் பிசிறி, பிழிந்து, புளித்த மோரில் ஊறவைத்து, மறுபடி பிழிந்து, ஆவியில் வைத்து, மூன்றாவது தடவையும் பிழிவோம். பாகற்காயா வெள்ளரிக்காயா என்று கேட்கவேண்டும், அப்படி இருக்கும். ஒன்றுக்கும் மெச்சாத என் மாமியாரே மெச்சிய கைப்பக்குவம். இறந்துபோன அந்த அம்மாளுக்கு என்னால் ஆன மரியாதை என்று நினைத்து, ஒரு சொட்டுக் கசப்பில்லாமல் எடுத்துக் கொடுத்தேன். "என்ன இப்பிடி வெளுத்துக் கெடக்கு?" என்று கேட்டார். "நல்லா கழுவுனேங்க" என்றேன். பிரட்டி முடித்து ஒரு துண்டை வாயில் போடப் போனார். பட்டென்று கையைத் தட்டிவிட்டேன். "படைக்கறதுக்கு முந்தி ருசி பாக்கலாமா? தப்பு!" என்றேன். பாவம், இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று கேட்டுக்கொண்டார்.

சிவப்புத் துணி விரித்து, அம்மாவின் சின்னப் படத்துக்கு முன்னால் தட்டை வைத்து, ஊதுபத்தி காட்டினார். படைத்ததைப் பிறகு எல்லோரும் இறக்கிச் சாப்பிடவேண்டும். முதல் வாய் வைத்தவர் மெல்லுவதை நிறுத்தினார். "இது பாகற்காயா?" என்றார். "கசப்பே தெரியலல்ல? மூணுவாட்டி பிழிஞ்சேங்க" என்றேன், பெருமையாக. தட்டைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் வெளியே போனார். சைக்கிள்கூட எடுக்கவில்லை. எனக்கும் சுருக்கென்றது. காலையெல்லாம் நின்று செய்து கொடுத்தவளுக்கு இதுதான் மரியாதையா என்று பாத்திரங்களை உருட்டினேன்.

பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டார். மலையைச் சுற்றி நடந்திருக்கிறார். காலெல்லாம் புழுதி. கூடவே அடி அண்ணாமலையில் வாங்கிய ஒரு பை பாகற்காய். "உன்மேல கோவம் இல்ல" என்று தொடங்கி, நறுக்கிக்கொண்டே சொன்னார். இளவயதில் ஒசாக்காவில் நூல் மில்லில் வேலை. தீவுக்காரி என்றால் சிரிப்பார்கள், வாடகைக்கு அறைகூடத் தரமாட்டார்கள். அதனால் ஊரை மறைத்து வாழ்ந்திருக்கிறார். ஒருமுறை அம்மா கப்பலேறிப் பார்க்க வந்தாள். பூச்சி பரவும், கொண்டுவரக் கூடாது என்ற தடையையும் மீறித் துணி மூட்டைக்குள் நாலு பாகற்காய் ஒளித்துக் கொண்டுவந்தாள். "நான் என்ன சொன்னேன் தெரியுமா? கூட இருக்கறவங்க சாப்பிட மாட்டாங்க, கசப்ப எடுத்துட்டு சமைனு சொன்னேன். அம்மா மூணுவாட்டி பிழிஞ்சா. மறுநாள் கப்பல் ஏறிட்டா. அப்புறம் நான் அவள பாக்கல." கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீயும் மூணுவாட்டி பிழிஞ்சிருக்க. இனிமே கசப்ப எடுக்காத, மல்லிகா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழக்கூடாத நாளில் நான் அழுதேன். அவர் என்னை அதட்டிவிட்டு, ஒரு கை உப்பு மட்டும் போட்டு அலசி, சூடாகப் பிரட்டி எடுத்தார். ருசி பார்த்தார். தலையாட்டிவிட்டுப் படத்தின் முன் வைத்தார். பிறகு தீவு மொழியில் வாய்விட்டுப் பேச ஆரம்பித்தார். அந்த மொழியில் அம்மாவை 'அன்மா' என்பார்கள், அந்த ஒன்றுதான் எனக்குப் புரிந்தது. தட்டுத் தடுமாறி, நோட்டைக்கூடப் பார்த்து, வெகுநேரம் பேசினார். எனக்கும் ஒரு தட்டு வந்தது. "கசக்குதா?" என்றார். "ஐயோ, ஜாஸ்தியா கசக்குதுங்க" என்றேன். அன்று முழுவதும் அப்போதுதான் சிரித்தார்.

2001-இல் உடம்பு முடியாமல் ஊருக்குப் போனார். நேற்று அந்த அண்ணன் மகளை நானே கூப்பிட்டுக் கேட்டேன், அத்தைக்குப் படையல் யார் செய்வீர்கள் என்று. கல்யாணம் ஆகாத மகளைப் பிறந்த வீட்டுப் பூஜையில் சேர்க்கும் வழக்கம் அங்கே இல்லையாம். அஸ்தியை ஒரு கோயிலில் கொடுத்திருக்கிறார்களாம். "மன்னிச்சிடுங்க" என்றாள். அவளை என்ன சொல்ல? எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டு வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன்.

யோஷியம்மாவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பது, அவருக்குப் படைக்கும் இந்த ஒரு பொறுப்புதான். எனக்கு நாற்பத்தாறு வயது. முப்பத்து மூன்று ஆண்டு என்பது இழுத்துப் பிடித்தால் முடியக்கூடியதே. முதல் படையலை இன்று காலை என் அடுப்படியில் வைத்தேன். வைக்கும் முன் வாணலியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். என் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் யாரும் செய்யாத காரியம். நன்றாகக் கசந்தது. அதற்குப் பிறகுதான் இலையில் எடுத்து வைத்தேன்.