கதவு நிலையில் இருந்த சாமி

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் நாங்கள் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டின் கதவு நிலையில், விரல் நீளத்தில் ஒரு தகரக் குழாய் சாய்வாக அறையப்பட்டிருந்தது. அதன்மேல் எத்தனையோ தடவை பெயின்ட் பூசியிருந்தார்கள். யாரோ காரணத்தோடுதான் வைத்திருப்பார்கள் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் அதைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். இப்படியே போனால் மின்சார மீட்டருக்கும் பூ வைக்கவேண்டிவரும் என்று அப்பா கேலிசெய்தார். ஆனால் அதைத் தொட்டுக் கும்பிடாமல் அவரும் வேலைக்கு இறங்கியதில்லை.

எனக்கு எட்டு வயது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், தடியூன்றிய வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் மூச்சிரைக்க மூன்று மாடியும் ஏறி வந்து வாசலில் நின்றார். அப்பா வேலையில். அம்மாவுக்குப் பிரெஞ்சு வராது. விசாவுக்குப் போகும் பிரிஃபெக்சர் அலுவலகத்திலிருந்து டாக்டர் வரைக்கும் அம்மாவின் வாய் நான்தான். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

அவர் குங்குமம் வைத்த குழாயையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவரோ அதை விரலால் தொட்டு, விரலை முத்தமிட்டு, ஏதோ ஒரு மொழியில் மெதுவாகப் பேசினார். உதட்டில் குங்குமம் ஒட்டியது அவருக்குத் தெரியவில்லை. வெள்ளைக்காரர்களுக்கும் வீட்டுக்கென்று தனியாக ஒரு மொழி இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பிரமித்துப்போனேன். என்ன மொழி என்று கேட்டேன். இத்திஷ் என்றார், அவருடைய அம்மாவின் மொழி. அதற்கு நாடு எது என்றேன். தனக்குத் தெரிந்தவரை இந்த வீடுதான் என்றார்.

அவர் பிறந்து வளர்ந்தது இங்கேதானாம். யூதர்கள் வேத வரிகளைச் சுருட்டி இப்படிக் குழாயில் இட்டு வாசலில் வைப்பார்களாம். இதை வைத்தது அவருடைய அம்மா. அம்மாவின் பொருளென்று வேறெதுவும் தன்னிடம் இல்லை, இதைத் தரமுடியுமா என்று கேட்டார்.

என் அம்மாவின் முகம் கறுத்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் சாமியைத் தூக்கிக் கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்?

“வீட்டுச் சாமியை விட்டிட்டு ஏன் போனவையாம் எண்டு கேள்” என்றார்.

கேட்டேன். கிழவர் என் உயரத்துக்குக் குனிந்து சொன்னார். அவருடைய அம்மாவுக்கும் பிரெஞ்சு வராதாம். விடிய வந்து கதவைத் தட்டிய பொலிஸ்காரர்கள் சொன்னதையெல்லாம், ஏழு வயதில், அவர்தான் இத்திஷில் மாற்றிச் சொன்னாராம். போர்வையும் இரண்டு நாள் சாப்பாடும் எடுத்துக்கொள், திரான்சிக்குப் போகவேண்டும் என்று. அவரைப் பக்கத்து வீட்டுக்காரி இழுத்து வைத்துக்கொண்டாள். அம்மா போனார், பிறகு வரவில்லை.

நீளமான பதில். நான் சுருக்கினேன்: அவசரமாகத் திரான்சிக்கு வீடு மாறிவிட்டார்களாம்.

அம்மாவின் முகம் தெளிந்தது. “திரான்சியே? நல்ல இடம். எங்கட அக்காவும் அங்கைதான், சந்தோஷமா இருக்கிறா எண்டு சொல்லு.”

அதை ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சொன்னேன். அம்மா தானே குழாயைக் கழற்றித் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். கிழவர் அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

“நன்றாக மொழிபெயர்க்கிறாய்” என்றார். “நானும் அப்படித்தான். ஒரு சொல்லும் விடவில்லை.”

யூதர்களை அடைத்துவைத்து, மரண முகாம்களுக்கு ரயிலேற்றிய இடம் திரான்சி என்று ஆறு வருடம் கழித்துத்தான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அன்றைக்கோ, அப்பா வேலை முடிந்து வரும்வரை படியில் காத்திருந்து, ஏழு வயதிலேயே பொலிஸுக்கு மொழிபெயர்த்த ஒருவர் என்னைப் பாராட்டினார் என்று பெருமையடித்தேன்.